டானிஸ்ட்: வாரிசு என்று எழுதலாமா?

அயர்லாந்தின் வரலாற்றைத் தமிழில் எழுத முற்படுவோரைத் தடுமாற வைக்கும் சொற்களுள் 'டானிஸ்ட்' ஒன்று. ஆங்கில அகராதிகளைப் புரட்டினால் 'கேலிய இனத் தலைவனின் வாரிசு' என்ற அளவில் ஒரு விளக்கம் கிடைக்கும்; கேலியர் என்போர் ஐரிஷ் மொழி பேசிய அயர்லாந்துப் பூர்வகுடியினர். அதைப் பார்த்து 'வாரிசு' என்றோ, சற்று இலக்கிய மணம் வேண்டுவோர் 'பட்டத்து இளவரசர்' என்றோ எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுதிய மறுபக்கத்திலேயே வரலாறு குழம்பத் தொடங்கிவிடும். ஏனென்றால், 16ஆம் நூற்றாண்டில் அயர்லாந்தின் வடக்கில் உள்ள அல்ஸ்டர் நிலப்பகுதியை இரத்தக் களமாக்கிய ஓ'நீல் குடும்பத்துப் பட்டப் பூசலின் சாரமே, ஒரு தலைவருக்குப் பின் வருபவர் பிறப்பால் வாரிசா, உறவினரால் தெரிந்தெடுக்கப்பட்டவரா என்பதுதான். அந்த இரண்டாம் வகையினருக்கு உரிய பெயரை முதல் வகையினருக்கு உரிய சொல்லால் மொழிபெயர்த்தால், வழக்கில் ஒரு தரப்பின் வாதத்தை நாமே அழித்துவிட்டவர்கள் ஆவோம்.

சொல்லின் பிறப்பிலிருந்து தொடங்கலாம். பழைய ஐரிஷ் மொழியில் 'தானிஷெ' என்பதற்கு 'இரண்டாவது', 'வரிசையில் அடுத்தது' என்று பொருள். மகன் என்ற பொருளோ, சொத்தைப் பெறுபவன் என்ற பொருளோ அதன் வேரில் இல்லை. தலைவருக்கு அடுத்த நிலையில் இருப்பவர் என்ற பொருளில் அது பதவிப் பெயராயிற்று. இன்றைய ஐரிஷ் மொழியில் 'தானிஷ்டெ' என்று வழங்குகிறது. 16ஆம் நூற்றாண்டில் அயர்லாந்தை ஆள வந்த ஆங்கில அதிகாரிகள் அச்சொல்லைத் தம் நாவுக்கு ஏற்பத் திரித்து 'டானிஸ்ட்' என்றும், அந்த வழக்கத்தை 'டானிஸ்ட்ரி' என்றும் எழுதினார்கள். இவ்விரண்டும் ஆங்கிலச் சட்ட ஏடுகளில் புகுந்தபோது, அவை ஒரு முறையின் பெயராக மட்டும் அல்லாமல், ஒழிக்கப்பட வேண்டிய ஒரு முறையின் பெயராகவே புகுந்தன என்பதை மறக்கக் கூடாது.

அந்த முறை எப்படி இயங்கியது? ஒரே கொள்ளுத் தாத்தாவின் ஆண்வழியில் வந்த நான்கு தலைமுறை ஆண்கள் ஒரு வட்டம். பழைய ஐரிஷ் சட்டம் இந்த வட்டத்தை 'தெர்வினெ' என்றது. தலைவருடைய மகன், தம்பி, அண்ணன் மகன், சிற்றப்பன் மகன் என யாராயினும், இந்த வட்டத்துக்குள் வயதாலும் தகுதியாலும் சிறந்தவர் எவரோ அவரைத் தலைவர் உயிரோடு இருக்கும்போதே தெரிந்தெடுத்து 'அடுத்தவர்' ஆக்குவார்கள். தலைவர் இறந்த அன்று பால்குடிக் குழந்தையின் தலையில் பொறுப்பு ஏறிவிடாமல், வாள் பிடிக்கத் தெரிந்த ஒருவர் ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம். அயர்லாந்தில் பல ஆண்டுகள் வாழ்ந்த ஆங்கிலக் கவிஞர் எட்மண்ட் ஸ்பென்சர் இந்தச் சடங்கைக் குறித்து வைத்திருக்கிறார். புதிய தலைவர் அதற்கென உள்ள கல்லின் மீது ஏறி நின்று, முன்னோர் வழக்கங்களைக் காப்பதாக உறுதிமொழி ஏற்பார். டானிஸ்டும் அதே உறுதிமொழியை ஏற்பார், ஆனால் கல்லின் மீது ஒரு காலை மட்டுமே வைப்பார். சொல்லின் பொருளை இந்த ஒற்றைக் காலை விடத் தெளிவாக எந்த அகராதியும் சொல்லிவிட முடியாது.

தலைவருக்குரிய நிலங்கள் தலைவர் என்ற பதவிக்குச் சேர்ந்தவையே தவிர, அந்த மனிதருக்குச் சேர்ந்தவை அல்ல. நம் ஊர்ப் பத்திர நடையில் சொல்வதானால், அவருக்கு ஆயுள் வரை அனுபவிக்கும் பாத்தியம் உண்டு, பராதீனம் செய்யும் (விற்கவோ பிறருக்கு எழுதிவைக்கவோ) பாத்தியம் கிடையாது. பின்வரும் பூசல் முழுவதும் இந்த ஒரு வரியின் மேல்தான் நிற்கிறது.

1541இல் இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி அயர்லாந்துக்கும் மன்னர் என்று அறிவிக்கப்பட்டார். அதையொட்டி, கேலியத் தலைவர்கள் தம் நிலங்களையும் பழைய பெயர்களையும் மன்னரிடம் ஒப்படைத்துவிட்டு, அதே நிலங்களை ஆங்கிலப் பட்டத்தோடு மன்னரின் கொடையாகத் திரும்பப் பெறும் கொள்கை ஒன்று நடைமுறைக்கு வந்தது. 1542 அக்டோபரில் கிரீன்விச் அரண்மனையில் கான் ஓ'நீல் இப்படித்தான் அல்ஸ்டரில் உள்ள டைரோனின் முதல் ஏர்ல் (ஆங்கிலப் பிரபுப் பட்டங்களுள் ஒன்று) ஆனார். ஆங்கில முறைப்படி ஏர்ல் பட்டம் தந்தையிடமிருந்து ஒரு குறிப்பிட்ட மகனுக்கு இறங்க வேண்டும். கான் சுட்டிய மகன் மேத்யூ. அவருக்கு டங்கனன் பாரன் என்ற, ஏர்லுக்குக் கீழான பிரபுப் பட்டமும் உடன் வழங்கப்பட்டது. ('பேரன்' என்று எழுதினால் வாசகர் வேறு உறவைத் தேடப் போய்விடுவார்.)

சிக்கல் மேத்யூவின் பிறப்பில் இருந்தது. அவருடைய தாய், டண்டாக் ஊரைச் சேர்ந்த ஒரு கொல்லரின் மனைவி. மேத்யூ அந்தக் கொல்லர் வீட்டிலேயே வளர்ந்து, பதின்வயதில்தான் கானின் மகன் என்று தாயால் கைகாட்டப்பட்டு, கானால் ஏற்றுக்கொள்ளப்பட்டார். கேலிய வழக்கப்படி இதில் குறையேதும் இல்லை. தாய் சொல்லி, தந்தை ஏற்றால் அவன் மகனே. ஆங்கிலச் சட்டத்தின் கண்ணிலோ இது பெருங்குறை. ஆக, ஆங்கிலப் பட்டத்துக்குரிய வாரிசாக நியமிக்கப்பட்டவர், ஆங்கிலச் சட்டப்படியே ஐயத்துக்குரிய பிறப்பினர். கேலியச் சட்டப்படியோ வாரிசு என்ற கருத்தே கிடையாது. கானுக்கு முறையாக மணந்த மனைவியிடம் பிறந்த மகன் ஷேன் ஓ'நீல் வளர்ந்து ஆளானபோது இந்த முரண் வெடித்தது. 'செருக்குமிக்க ஷேன்' என்று ஐரிஷ் மரபு இவரை நினைவில் வைத்திருக்கிறது.

1558இல் மேத்யூ ஷேனின் ஆட்களால் கொல்லப்பட்டார். சொந்த மகனால் விரட்டப்பட்டு, ஆங்கிலேயர் ஆண்ட பகுதியில் அடைக்கலம் புகுந்திருந்த கான் 1559இல் இறந்தார். ஷேன் உடனே டல்லிஹோக் குன்றில், ஓ'நீல் தலைவர்கள் காலங்காலமாகப் பொறுப்பேற்கும் கல்லிருக்கையில் அமர்ந்து, குடியின் முறைப்படி தலைவரானார். மேத்யூவின் பிள்ளைகள் ஏர்ல் பட்டத்துக்கு உரிமை கோரும் நிலையில் இருந்தார்கள். பட்டம் யாருக்கு என்ற கேள்வி எலிசபெத் அரசியின் அவைக்குப் போனது.

ஷேன் முன்வைத்த வாதங்களை அடுக்கிப் பார்க்கையில், அவருடைய வழக்கறிவை வியக்காமல் இருக்க முடியவில்லை. மேத்யூ என் தந்தைக்குப் பிறந்தவரே அல்லர், கொல்லனின் மகன்; முறையான மூத்த உரிமை எனக்கே என்பது ஒன்று. இது முழுக்க ஆங்கிலச் சட்ட வாதம். என் தந்தைக்கு நாட்டின் மீது இருந்தது ஆயுள்கால உரிமை மட்டுமே, ஆகவே அதை ஹென்றியிடம் ஒப்படைக்கவோ, திரும்பப் பெற்று ஒரு மகனுக்கு எழுதிவைக்கவோ அவருக்கு அதிகாரம் இல்லை என்பது மற்றொன்று. என்னைக் குடியினர் தெரிந்தெடுத்து ஓ'நீல் ஆக்கிவிட்டார்கள் என்பது மூன்றாவது. பின்னிரண்டும் டானிஸ்ட்ரி முறையின் வாதங்கள். முதல் வாதம் வென்றால் அவர் ஏர்ல். மற்றவை வென்றால் ஏர்ல் என்ற பட்டமே செல்லாது. ஒன்றையொன்று வெட்டும் வாதங்களை ஒரே மூச்சில் வைத்தார் என்று குறை சொல்வது எளிது. எதிர்த்தரப்பும் அதையேதான் செய்தது. மூத்த மகனுரிமையைப் போதித்த அரசு, முறை மணத்தில் பிறந்த மகனை விட்டுவிட்டுத் தனக்கு வசதியான மேத்யூவின் வழியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

1562 சனவரியில் ஷேன் நேரில் லண்டனுக்கே சென்றார். கோடரி ஏந்திய மெய்க்காவலர்கள், தோளில் புரளும் கூந்தலும் மஞ்சள் சாயமேற்றிய சட்டையுமாக அவரைச் சூழ்ந்து வந்ததை நகரத்தார் வேற்றுலக மனிதர்களைப் பார்ப்பது போல் வியந்து பார்த்தார்கள் என்று வரலாற்றாசிரியர் வில்லியம் கேம்டன் எழுதியிருக்கிறார். அரசியின் முன் தரையில் விழுந்து, ஐரிஷ் மொழியில் தம் குற்றத்தை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். அவர் லண்டனில் இருந்த மாதங்களிலேயே மேத்யூவின் மூத்த மகன் பிரையன், ஷேனின் டானிஸ்டாக இருந்த டர்லோ லூனாக்கின் ஆட்களால் கொல்லப்பட்டார். 'அடுத்தவர்' என்ற சொல்லின் பயன் இங்கே தெரிகிறது: தலைவர் கடல் கடந்து போயிருக்கும்போது வீட்டுக் காரியத்தைக் கவனிக்க ஆள் இருந்தது, எவ்வளவு கொடிய காரியமாக இருந்தாலும்.

ஷேன் ஊர் திரும்பினார். நடைமுறையில் டைரோனின் தலைவர் என ஏற்கப்பட்டார். ஏர்ல் பட்டம் மட்டும் கடைசி வரை கைக்கு வரவில்லை. 1567 மே மாதம் ஃபார்செட்மோர் என்ற இடத்தில் ஓ'டானெல் குடியினரிடம் தோற்று, சூன் 2 அன்று குஷெண்டன் அருகே, தாம் உதவி நாடிப் போன மக்டானெல் குடியினராலேயே கொல்லப்பட்டார். அவருடைய தலை டப்ளின் கோட்டையில் நட்டுவைக்கப்பட்டது.

இங்கே 'பட்டம்' என்ற நம் சொல்லையும் சற்று உரசிப் பார்க்க வேண்டும். நெற்றியில் கட்டும் பொன் தகடு பட்டம். அதனால்தான் பட்டம் 'கட்டுகிறோம்'. கட்டுவதற்கு இன்னொரு கை வேண்டும். ஏர்ல் என்பதற்கு இது மிகப் பொருந்தும், ஏனெனில் அது மன்னர் கையால் கிடைப்பது. 'ஓ'நீல்' என்ற பெயரோ வேறு வகை. 'ஓ' என்றால் பேரன், வழிவந்தவன். 919இல் இறந்த நீல் என்ற மன்னரின் வழியினர் என்பது அப்பெயரின் பொருள். குடியில் எல்லோருக்கும் அது குடும்பப் பெயர். முன்பெயர் எதுவும் இல்லாமல் வெறுமனே 'ஓ'நீல்' என்று சொன்னால் அது ஒரே ஒருவரைக் குறிக்கும் பதவிப் பெயர். அதை எவரும் கொடுப்பதில்லை. குடி ஒருவரை அப்படி அழைக்கத் தொடங்குகிறது. அதனாலேயே ஆங்கில அரசு அதற்கு அஞ்சியது. 1569இல் அயர்லாந்து நாடாளுமன்றம், இறந்து போன ஷேனைத் துரோகி என்று அறிவித்து, ஓ'நீல் என்ற தலைமைப் பெயரையே சட்டத்தால் ஒழித்தது. ஒரு பெயரைச் சூடுவது அரச துரோகம் ஆயிற்று.

ஒழிந்ததா என்றால், இல்லை. டானிஸ்டாக இருந்த டர்லோ முறைப்படி அடுத்த ஓ'நீல் ஆனார். மேத்யூவின் இளைய மகன் ஹ்யூ, ஆங்கிலேயரின் அரவணைப்பில் வளர்ந்து, 1580களில் டைரோனின் ஏர்ல் என்ற பட்டத்தைப் பெற்றார். ஷேன் எந்த வழியை எதிர்த்தாரோ அந்த வழியே வென்றது என்று நினைக்கும்போது, அதே ஹ்யூ 1595இல் டல்லிஹோக் கல்லில் அமர்ந்து ஓ'நீல் என்ற பெயரையும் ஏற்றார். ஆங்கில அரசோடு பெரும்போர் நடந்தது. 1602இல் ஆங்கிலத் தளபதி மவுண்ட்ஜாய் படையோடு டல்லிஹோக் சென்று, அந்தக் கல்லிருக்கையை உடைத்து நொறுக்கினார். படைத்தலைவர் ஒருவர் நாற்காலியை உடைக்கவென்று மெனக்கெட்டாரே என்று எண்ணத் தோன்றும். அந்தக் கல்லில் ஒரு கால் வைத்தவருக்கு இருந்த உரிமையை அவர் நம்மை விட நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார். 1603இல் ஆங்கில அரசோடு செய்த மெல்லிஃபாண்ட் உடன்படிக்கையில் ஹ்யூ, 'ஓ'நீல்' என்ற தலைமைப் பெயரைத் துறந்து, ஏர்லாக மட்டும் நீடித்தார். 1607இல் நாட்டை விட்டே கப்பலேறி, 1616இல் ரோம் நகரில் இறந்தார்.

ஹ்யூ கப்பலேறிய அடுத்த ஆண்டே, 1608இல், கார்க் பகுதியில் ஓ'காலஹன் குடியினரிடையே எழுந்த ஒரு நில வழக்கில், டப்ளின் நீதிமன்றம் டானிஸ்ட்ரி வழக்கம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. 'குடியில் மூத்தவரும் மிகத் தகுதியானவரும்' என்றால் யார் என்பதை உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரு தலைவர் இறந்து மற்றவர் வரும் வரை நிலத்துக்கு உரியவரே இல்லாமல் போகிறது. எனவே இது பகுத்தறிவுக்கு ஒவ்வாத வழக்கம் என்பது நீதிபதிகளின் கருத்து. அரசுத் தலைமை வழக்கறிஞர் ஜான் டேவிஸ் தொகுத்த தீர்ப்புகளில் இது இடம்பெற்று, 'டானிஸ்ட்ரி வழக்கு' என்ற பெயரிலேயே சட்ட மாணவர்களிடம் நிலைத்துவிட்டது.

இனித் தமிழுக்கு வருவோம். 'வாரிசு' அரபு மூலத்திலிருந்து நம்மிடம் வந்தது. சட்டப்படி சொத்து இறங்கிப் பெறுபவர் என்பதே அதன் பொருள். மேத்யூவுக்கு அது பொருந்தும், டர்லோவுக்குப் பொருந்தாது. 'பட்டத்து இளவரசர்' மன்னரின் மகன் என்ற நினைப்பைக் கூடவே இழுத்து வரும். 'இளங்கோ' அழகிய சொல், அடுத்த நிலை என்ற பொருளும் உண்டு. ஆனால் டானிஸ்ட் பல வேளைகளில் தலைவரை விட மூத்தவராகவும் இருந்திருக்கிறார். 'தாயம்' என்ற பழஞ்சொல் புறநானூற்றில் 'பழவிறல் தாயம்' என அரசுரிமைக்கே வழங்குகிறது. எனினும் அது உரிமையைச் சுட்டும் சொல், ஆளைச் சுட்டாது. 'அடுகோ' என்று வினைத்தொகையாக ஒன்று கட்டலாமே என்று ஆசை வரும். 'கொல்லும் மன்னன்' என்றே தமிழறிந்தவர் பொருள் கொள்வார்கள். ஓ'நீல் குடும்ப வரலாற்றைப் பார்த்தால் அதுவும் பொருத்தம்தானே என்று ஒருவர் கேட்கலாம்.

என் பரிந்துரை எளியது. முறையைப் 'பங்காளித் தெரிவுமுறை' எனலாம். ஆண்வழி உறவினரைக் குறிக்கவும், அவர்களுக்குள் மூளும் உரிமைச் சண்டையைக் குறிக்கவும் 'பங்காளி' என்ற ஒரே சொல்லை நாம் வைத்திருப்பது 'தெர்வினெ' வட்டத்துக்கு அச்சாகப் பொருந்துகிறது. ஆளைக் குறிக்க 'அடுத்த தலைவர்' என்று எழுதி, முதல் முறை வரும் இடத்தில் மட்டும் டானிஸ்ட் என்ற மூலச்சொல்லையும் தரலாம். "டர்லோ, ஷேனின் வாரிசு" என்பதை விட "டர்லோ, ஷேனுக்கு அடுத்த தலைவராகப் பங்காளிகள் தெரிந்தெடுத்தவர்" என்பது நீளம்தான். அந்த நீளத்தில்தான் உண்மை இருக்கிறது.

இன்றைய செய்திகளில் வரும் 'தானிஷ்டெ'வுக்கு இந்தப் பரிந்துரை பொருந்தாது. 1937ஆம் ஆண்டின் அயர்லாந்து அரசியலமைப்பு, பிரதமர் தம் அமைச்சர்களுள் ஒருவரை நியமிக்கும் பதவிக்கு அப்பழைய பெயரைச் சூட்டியது. 2020 முதல் 2022 வரை லியோ வரத்கர் அப்பதவியில் இருந்தபோது நம் நாளேடுகள் 'துணைப் பிரதமர்' என்று எழுதியது சரியே. பிரதமர் இறந்தாலோ செயல்பட முடியாமல் போனாலோ, புதியவர் நியமிக்கப்படும் வரைதான் தானிஷ்டெ அவர் இடத்தில் இருப்பார். பதவி தானாக அவருக்கு இறங்கிவிடாது. கல்லின் மீது இன்னும் ஒரு கால்தான்.