பிரேக் டிஸ்க் எவ்வளவு தேயலாம்?

பழைய காரை சர்வீஸுக்கு விட்டால், பிரேக் பேட் தேய்ந்திருக்கிறதா என்று கட்டாயம் பார்ப்பார்கள். அந்த பேட் இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் இரும்புத் தட்டை, அதாவது டிஸ்க்கை, பல இடங்களில் கண்ணால் பார்ப்பதோடு சரி. "பளபளன்னு இருக்கு சார், ஒண்ணும் ஆகல" என்பார்கள். ஓடுகிற காரில் டிஸ்க் எப்போதும் பளபளப்பாகத்தான் இருக்கும். பார்க்க வேண்டியது அதன் தடிமனை.

பிரேக்கை மிதித்ததும் காரின் இயக்க ஆற்றல் முழுவதும் வெப்பமாகிறது. 1,000 கிலோ எடையுள்ள கார் 100 கி.மீ. வேகத்திலிருந்து நிற்கும்போது சுமார் 386 கிலோஜூல் வெப்பம் பிறக்கும். நிற்க ஆகும் சில நொடிகளுக்குள் அதைக் காற்றில் கலக்க நேரம் கிடையாது; முதலில் டிஸ்க்தான் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். கார் முன்பக்கம் அழுந்துவதால் இந்தச் சுமையில் 70 விழுக்காடு போல முன் டிஸ்க்குகள் மேல் விழுகிறது. ஒவ்வொன்றும் 4 கிலோ என்று வைத்துக்கொண்டால், ஒரே ஒரு பிரேக்கில் சூடு ஏறத்தாழ 70 டிகிரி ஏறும்.

தடிமனான தோசைக்கல் மெதுவாகச் சூடேறும், மெல்லிய தகடு சட்டென்று கொதித்துவிடும். இங்கேயும் அதே கணக்குதான். 12 மி.மீ. டிஸ்க் 10 மி.மீ. ஆகிவிட்டால், பேட் உரசும் பகுதியில் ஆறில் ஒரு பங்கு இரும்பு போய்விட்டது. அதே பிரேக்குக்கு அந்தப் பகுதியின் சூடு 20 விழுக்காடு அதிகமாக ஏறும். ஊருக்குள் ஓட்டும்போது இது தெரியவே தெரியாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது தெரியும். அதே கார் 1,000 மீட்டர் உயரம் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல், 100 கி.மீ. வேகத்திலிருந்து 25 முறை நிறுத்துவதற்குச் சமம். எஞ்சினும் காற்றும் சுமப்பது போக மீதியெல்லாம் பிரேக்குக்குத்தான். கீழ் கியரில் இறங்கச் சொல்வது இதனால்தான். பேட்டுகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும் காலிப்பர் வழியே சூடு பிரேக் ஆயிலுக்குப் போகிறது. டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சிய பழைய ஆயிலுக்கு அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. ஆயில் கொதித்து உள்ளே ஆவிக் குமிழி வந்துவிட்டால், பெடல் தரை வரை போகும், கார் நிற்காது.

அதனால்தான் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒரு குறைந்தபட்சத் தடிமன் உண்டு. பெரும்பாலும் டிஸ்க்கின் நடுக்குடுவையிலோ விளிம்பிலோ 'MIN TH' (மினிமம் திக்னஸ், அதாவது குறைந்தபட்சத் தடிமன்) என்ற எழுத்துகளோடு பொறித்திருப்பார்கள். துரு மூடியிருந்தால் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தால் தெரியும். அதுவும் அழிந்திருந்தால் அந்தக் காரின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். பல கார்களில் புதுத் தடிமனுக்கும் இதற்கும் இடையே சுமார் 2 மி.மீ.தான் இருக்கும்.

அளப்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். பேட் டிஸ்க்கின் ஓரம் வரை தொடாது. தொடும் பகுதி தேயத் தேய, வெளிவிளிம்பு தேயாமல் ஒரு கரைபோல நிற்கும். நகத்தை வைத்து இழுத்தால் தட்டும். வெர்னியரை வைத்தால் அதன் தாடைகள் இந்தக் கரைமேல் உட்கார்ந்துகொண்டு, டிஸ்க் தடிமனாக இருப்பதாகப் பொய்க் கணக்கு காட்டும். முனை உள்ளே இறங்கும் மைக்ரோமீட்டர்தான் சரியான கருவி. அது இல்லையென்றால், ஒரே மாதிரியான இரண்டு நாணயங்களை டிஸ்க்கின் இரு முகங்களிலும் பேட் உரசும் இடத்தில் ஒட்டிப் பிடித்து, அவற்றின் மேல் வெர்னியரை வைத்து அளந்து, நாணயங்களின் தடிமனைக் கழித்துவிடலாம். காரை ஜாக்கியில் மட்டும் தூக்கி வைத்து இந்த வேலையைச் செய்யவே கூடாது. ஸ்டாண்டு வைத்து, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பிறகே சக்கரத்தைக் கழற்ற வேண்டும்.

ஓர் இடத்தில் அளந்தால் போதாது. சுற்றிலும் ஆறு எட்டு இடங்களில் அளந்து, மிகக் குறைந்த அளவையே கணக்கில் எடுக்க வேண்டும். இடத்துக்கு இடம் 0.02 மி.மீ. வேறுபாடு இருந்தாலே பிரேக் போடும்போது ஸ்டியரிங் உதறலாம். "டிஸ்க் வளைஞ்சு போச்சு" என்று சொல்லப்படும் கார்களில் பெரும்பாலும் வளைவு எதுவும் இருக்காது. தடிமன்தான் சீரில்லாமல் போயிருக்கும், அல்லது பேட்டின் பொருள் திட்டுத்திட்டாகப் படிந்திருக்கும்.

உள்பக்க முகத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். காலிப்பர் நகரும் பின்கள் காய்ந்து இறுகிவிட்டால் வெளிமுகம் நன்றாக இருக்க, உள்முகம் மட்டும் அரைபட்டுப் போகும். காலையில் முதல் பிரேக்கில் கரகரப்பு கேட்டு உடனே நின்றுவிட்டால் அது மேல்துருதான், பயப்பட வேண்டாம். கடலோர ஊர்களில் நிறுத்தியே வைத்திருக்கும் கார்களில் துரு குழிகுழியாக இறங்கிவிடும். அது வேறு கதை. விளிம்பு வரை ஓடும் விரிசல் இருந்தால் தடிமன் எவ்வளவு இருந்தாலும் டிஸ்க்கைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

லேத்தில் கடைந்து சமன்செய்வது நம் ஊரில் வழக்கம். கடைந்த பிறகும் குறைந்தபட்ச அளவுக்கு மேலே இருந்தால் மட்டுமே அது சரி. எல்லையை ஒட்டியிருக்கும் டிஸ்க்கில் புது பேட் போடுவதை நான் ஏற்க மாட்டேன், ஏனென்றால் அந்த பேட் தேய்ந்து முடிவதற்குள் டிஸ்க் எல்லையைத் தாண்டிவிடும். மாற்றும்போது இடம், வலம் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். புது டிஸ்க் உட்காரும் ஹப்பின் துருவைச் சுரண்டிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். அங்கே ஒரு துகள் இருந்தாலும் டிஸ்க் சற்றே சாய்ந்து சுழலும், ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பேட்டை உரசும், சில ஆயிரம் கிலோமீட்டரில் அதே உதறல் திரும்ப வந்துவிடும்.