மாடியிலும் ஒரு வளவு வீடு

மட்டக்களப்புக் கல்லடியில் சின்னம்மா குடியிருக்கும் தொடர்மாடியில் ஒவ்வொரு தட்டிலும் நடுவே இருண்ட நடை, இரு பக்கமும் வரிசையாகக் கதவுகள். ஆடி மாதம் கச்சான் காற்று அடிக்கும்போது வெளியே தென்னோலை பறக்கும். உள்ளே யன்னல் சீலை அசையாது.

காற்று மோதும் சுவர்ப்பக்கம் அழுத்தம் கூடும், மறுபக்கம் குறையும். அந்த வித்தியாசம்தான் காற்றை வீட்டுக்குள் ஓடவைக்கிறது. வெளியேற வழியில்லாத அறைக்குள் காற்று யன்னலடியோடு நின்றுவிடும். கட்டடக் கலைஞர்களிடம் ஒரு கைக்கணக்கு உண்டு: ஒரு பக்கம் மட்டும் யன்னலென்றால் அறை உயரத்தைப்போல் சுமார் இரண்டு மடங்கு ஆழம்வரைதான் காற்றோட்டம்; எதிரெதிரே திறந்தால் ஐந்து மடங்கு. 10 அடி உயர அறைக்கு 20 அடி எங்கே, 50 அடி எங்கே!

தனி வளவுக்குள் நிற்கும் வீட்டின் சுகமே முன்விறாந்தைக் காற்று பின்குசினியால் வெளியேறுவதுதான். மாடியிலும் அது முடியும். நடு நடையை எடுத்துவிட்டு, ஒரு படிக்கட்டுக்குத் தட்டொன்றுக்கு இரண்டே வீடு என்று வையுங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னும் பின்னும் வெளிச்சுவர் கிடைக்கும். வாசலில் விறாந்தையும் வைக்கலாம். நீளச் சுவர்கள் வடக்கும் தெற்கும் பார்க்கட்டும். மட்டக்களப்பில் நண்பகல் வெயில் ஏறக்குறைய உச்சியிலிருந்தே விழுவதால் அந்தச் சுவர்களுக்குச் சிறு தாழ்வாரமே நிழல் தரும். தென்மேற்குக் கச்சானும் வடகிழக்கு வாடையும் சாய்வாக வந்தாலும் இரண்டும் உள்ளே புகும்.

ஆனால் தனிவீடு என்ற உணர்வைக் கெடுப்பது பெரும்பாலும் சத்தம். பேச்சுச் சத்தத்தைச் சுவரின் பாரம் தடுக்கும். 9 அங்குலச் செங்கல் சுவர் சுமார் 50 டெசிபலைக் குறைக்கும். அதே சுவரில் நூற்றில் ஒரு பங்கு இடைவெளி விட்டால் தடுப்பு சுமார் 20க்கு இறங்கிவிடும். பக்கத்து வீட்டாரின் பேச்சு பெரும்பாலும் சுவரைத் துளைத்து வருவதில்லை, சீலிங்குக்கு மேல் பூசாமல் விட்ட ஓட்டை போன்ற இடைவெளிகளால் வருகிறது.

மேல்வீட்டில் கதிரை இழுத்தால் சின்னம்மா நிமிர்ந்து பார்ப்பா. அது வேறு வகைச் சத்தம்: கொங்கிறீட் தட்டே அதிர்ந்து கீழே ஒலிக்கிறது, தட்டைத் தடிப்பாக்கினாலும் முழுதாக நிற்காது. இதற்கு வழி, தட்டின்மேல் ரப்பர் விரிப்பு, அதன்மேல் சுவரைத் தொடாத சீமெந்துத் தளம், பிறகு டைல்ஸ். சுவரோடு ஒரு விரற்கடை ஒட்டினாலும் அந்த வழியே அதிர்வு இறங்கும். டைல்ஸ் பதித்தபின் இதைச் செய்வதென்றால் தளத்தையே கொத்தவேண்டும்.