பைனாகுலர்: தமிழில் என்ன சொல்வது, கையடக்கமாக எதை வாங்குவது?

பைனாகுலர் என்ற சொல்லில் தூரம் என்ற பொருளே கிடையாது. லத்தீனில் 'பினி' என்றால் இரண்டிரண்டாக, 'ஓகுலுஸ்' என்றால் கண். இரு கண்ணுக்கும் உரியது என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம். டெலஸ்கோப்பில் வரும் 'டெலெ'தான் தொலைவு. அதற்குத் தொலைநோக்கி என்பது கச்சிதமாகப் பொருந்துகிறது. நம் செய்தித்தாள்கள் பைனாகுலரையும் தொலைநோக்கி என்றே எழுதிவிடுகின்றன. விஷயம் புரிந்துவிடும், ஆனால் எந்தக் கருவி என்பது தெரியாமல் போய்விடும்.

இரண்டு கண்ணாலும் பார்க்க வேண்டும் என்ற ஆசை தொலைநோக்கியோடு கூடவே பிறந்தது. 1608 அக்டோபரில் மிடில்பர்க் நகரின் மூக்குக்கண்ணாடி செய்பவர் ஹான்ஸ் லிப்பர்ஹே, தன் கருவிக்குக் காப்புரிமை கேட்டு நெதர்லாந்து ஆட்சி மன்றத்தை அணுகினார். இரு கண்ணாலும் பார்க்கும்படி ஒன்று செய்து தரச் சொன்னார்கள். டிசம்பரிலேயே செய்து கொடுத்தார். காப்புரிமைதான் கடைசிவரை கிடைக்கவில்லை.

ஆனால் அது கைக்குள் அடங்க நெடுங்காலம் ஆயிற்று. நல்ல உருப்பெருக்கம் வேண்டுமானால் குழாய் நீள வேண்டும். இத்தாலியரான இன்யாசியோ போரோ 1854இல் இதற்கு வழி கண்டார்: ஒளியை முப்பட்டகங்களில் திருப்பித் திருப்பி விட்டால் பாதை மடிந்து குழாய் குட்டையாகும், தலைகீழ்ப் பிம்பமும் நிமிர்ந்துவிடும். 1894இல் ஜெர்மனியின் சைஸ் நிறுவனம் இந்த முறையில் பைனாகுலர்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று சட்டைப்பையில் போடுகிற மாடல்கள் பெரும்பாலும் கூரை முப்பட்டகம் என்ற வேறு அமைப்பில், நேர்க் குழாயாக வருகின்றன.

சரி, தமிழில் என்ன சொல்வது? பறவை நோக்குவோர் 'இருநோக்கி' என்று எழுதுவதுண்டு. சுருக்கமான சொல்தான். எனக்கு அதில் ஒரு நெருடல்: 'இருநோக்கு' என்றதும் குறள் படித்தவருக்கு, நோயும் மருந்துமாகப் பார்க்கிற காதலியின் இரண்டு பார்வைகள் நினைவுக்கு வந்துவிடும். இங்கே பார்வை ஒன்று, கண்தான் இரண்டு. 'இருகண்ணோக்கி' அதைச் சரியாகச் சொல்கிறது. நுண் + நோக்கி நுண்ணோக்கி ஆவது போலவே கண் + நோக்கியும் புணர்ந்திருக்கிறது. காம்பாக்ட், பாக்கெட் என்பதற்கெல்லாம் கையடக்கம் என்ற நல்ல சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. ஆக, கையடக்க இருகண்ணோக்கி. கடைக்காரரிடம் பைனாகுலர் என்றே கேளுங்கள், அதில் குற்றமில்லை.

வாங்கும்போது முதலில் எண்களைப் பார்க்க வேண்டும். கருவியின் மேல் 8×25 என்று போட்டிருந்தால், 8 மடங்கு உருப்பெருக்கம், முன்வில்லையின் விட்டம் 25 மி.மீ. 25ஐ 8ஆல் வகுத்தால் ஏறக்குறைய 3 மி.மீ. கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அகலம் அதுதான். பகல் வெயிலில் நம் கண்மணி சுருங்கி 2, 3 மி.மீ. அளவில் இருக்கும், அதனால் ஒளி போதும். இருட்டும் நேரத்தில் கண்மணி விரியும், ஒளிவட்டம் விரியாது. வேடந்தாங்கலில் பறவைகள் கூட்டம் கூட்டமாகக் கூடு திரும்பும் அந்திப் பொழுதில்தான் கையடக்கக் கருவி மங்கலாகத் தெரியும். அதற்கு 8×42தான் லாயக்கு, ஆனால் அது பைக்குள் போகாது.

10×25 வேண்டாம் என்பேன். ஒளிவட்டம் 2.5 மி.மீ. ஆகக் குறைந்துவிடும், கை நடுக்கமும் 10 மடங்காகும். எடை குறைந்த கருவி கையில் இன்னும் கூடுதலாக ஆடும். விலை மலிவாக ஜூம் என்று போட்டு வருவதையும், முன்வில்லை செக்கச்செவேலென்று மின்னுவதையும் எடுத்த எடுப்பிலேயே ஒதுக்கிவிடலாம்.

கடை வாசலில் நின்று தூரத்து மின்கம்பியைப் பாருங்கள். அப்புறம் கருவியைக் கண்ணிலிருந்து மெல்லப் பின்னுக்கு இழுங்கள். இடது குழாயில் தெரியும் கம்பியும் வலது குழாயில் தெரியும் கம்பியும் மேலும் கீழுமாக விலகி நின்றால் இரண்டு குழாய்களும் இணையாக இல்லை. அரை மணி நேரம் பார்த்தால் தலைவலிதான். அடுத்து, கையை நீட்டிப் பிடித்து, வெளிச்சமான சுவரை நோக்கித் திருப்பி, கண்வில்லையில் தெரியும் ஒளிவட்டத்தைக் கவனியுங்கள். முழு வட்டமாக இருந்தால் நல்லது. ஓரங்கள் வெட்டுப்பட்டுச் சதுரமாகத் தெரிந்தால் முப்பட்டகத்தில் சிக்கனம் பிடித்திருக்கிறார்கள். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் அதைக் கழற்றாமலேயே சோதிக்க வேண்டும். கண்ணுக்கும் வில்லைக்கும் இடையே சுமார் 15 மி.மீ. தூரமாவது விட்டுத் தரும் கருவியில்தான் அவர்களுக்குக் காட்சி முழுதாகத் தெரியும். சின்னக் கருவிகள் பல இதில்தான் கோட்டை விடுகின்றன.