காற்றுக்குத் திறந்த கதவில் பால் வருகிறது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் எதிர் வீட்டுக்குப் புதுப் பிள்ளை வந்து மூன்று மாதமாகிறது. போன வாரம் அவனுடைய தாய் வேலியோரம் நின்று கேட்டாள்: "டீச்சர், குடித்த பாலில் பாதியைக் கக்கிவிடுகிறான். ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை. என் பாலில் ஏதும் கோளாறா?" தோளில் கிடந்த துவாலையில் புளித்த வாடை. பின்னால் கொடியில், பிள்ளையின் துணிகளைவிட மாமியாரின் கைலிகள்தான் அதிகமாகக் காய்ந்துகொண்டிருந்தன.

"கக்குகிற பிள்ளை தக்கும்" என்று உள்ளேயிருந்து மாமியாரின் குரல் வந்தது. சொல்லிக்கொண்டே வசம்பை உரசிக்கொண்டிருந்தார். பழமொழியில் நம்பிக்கை இருந்தால் வசம்பு எதற்கு என்று கேட்க நாக்கு துடித்தது. அந்த வயதுப் பெண்மணியிடம் கேட்கவா முடியும்?

பழமொழி பெரும்பாலும் சரிதான். சிகாகோ வட்டாரக் குழந்தைகளைப் பற்றி 1997இல் வெளியான ஓர் ஆய்வின்படி, நான்கு மாதப் பிள்ளைகளில் 67 விழுக்காட்டினர் தினம் ஒரு தடவையாவது கக்கினார்கள். பத்து மாதத்துக்கு மேல் அது 5 விழுக்காடாகக் குறைந்துவிட்டது.

"பாதிப் பால்" என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு தேக்கரண்டிப் பாலை அவள் கண்முன்னே ஒரு பழைய கைலியில் ஊற்றிக் காட்டினேன். வெறும் 5 மில்லிதான். துணியில் அது என் உள்ளங்கையை மிஞ்சிப் படர்ந்தது. "இவ்வளவுதானா?" என்றாள். இரண்டு கரண்டி ஊற்றியிருந்தால் பிள்ளை வயிற்றையே காலி செய்துவிட்டான் என்று மூவரும் சேர்ந்து சத்தியம் செய்திருப்போம்.

சில சமயம் கட்டி கட்டியாக வருகிறதே என்றால், அதற்குத் தோட்டத்து மக்களுக்கு விளக்கமே தேவையில்லை. ஸ்டோரில் ரப்பர் பாலுக்கு அமிலம் விட்டால் என்ன ஆகும்? உறையும். பிள்ளையின் வயிற்றிலும் அமிலம் இருக்கிறது. உடனே வந்தால் பாலாக வரும், சற்றுப் பொறுத்து வந்தால் தயிராக வரும். கெட்டுப்போன பால் அல்ல, செரிக்கத் தொடங்கிய பால்.

சரி, ஏன் வருகிறது? உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் வளையத் தசை ஒன்று சுருக்குப் பைபோல் இறுகியிருக்கும் என்பது பள்ளிப் பாடம். பிள்ளைக்கு அந்தச் சுருக்கு இன்னும் பலப்படவில்லை, அதனால் பால் ஒழுகுகிறது என்றுதான் நானும் பல வருடம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தேன். அது பெரும்பாலும் தவறு. என்னிடம் படித்தவர்கள் மன்னிக்க வேண்டும்.

1980இல் ஜான் டென்ட் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர், அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் சக ஆய்வாளர்களுடன் சேர்ந்து, நலமான ஆட்களின் உணவுக்குழாயில் மெல்லிய குழாயை இறக்கி அழுத்தத்தை விடிய விடிய அளந்தார். அமிலம் மேலேறிய நேரங்களில் அந்தத் தசை பலவீனமாக இல்லை. அதுவரை நன்றாக இறுகியிருந்த தசை, யாரும் எதையும் விழுங்காமலே, திடீரென்று முழுவதும் தளர்ந்தது. கொஞ்ச நேரம் அப்படியே திறந்திருந்துவிட்டு மறுபடி இறுகியது. பிறகு குறைமாதக் குழந்தைகளிடமும் நிறைமாதக் குழந்தைகளிடமும் அதையே அளந்து பார்த்தார்கள். அங்கும் இதே கதைதான். கதவு பழுதாகவில்லை, யாரோ திறந்துவிடுகிறார்கள்.

யார் திறப்பது? இந்த இடம் வந்தால் எனக்கு எழுந்து நின்று பேசத் தோன்றும். பிள்ளை பாலோடு காற்றையும் விழுங்குகிறான். இரைப்பையின் மேற்பகுதி உப்புகிறது. அந்தச் சுவரில் இழுவிசையை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. அவை மூளையையும் வயிற்றையும் இணைக்கும் வேகஸ் நரம்பு வழியாக மூளைத்தண்டுக்குச் சேதி அனுப்புகின்றன. மூளைத்தண்டு அதே நரம்பின் வழியாகப் பதில் அனுப்புகிறது. நரம்பு முனையில் நைட்ரிக் ஆக்சைடு சுரக்க, வளையத் தசை தளர்கிறது. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தில், அதைச் சுற்றிப் பிடித்திருக்கும் தசைநாரும் அதே கணத்தில் பிடியை விடுகிறது. நாம் ஒரு வாய் விழுங்கும்போது கதவு சில விநாடிகள்தான் திறந்திருக்கும். இதுவோ பத்து விநாடிக்கு மேல் நீடிக்கும். இத்தனை ஏற்பாடும் ஒரே காரியத்துக்காக: ஏப்பம்! மாடு அசைபோட்டுவிட்டு விடும் ஏப்பமும் இப்படிப்பட்ட ஒரு திறப்பில்தான் வெளியேறுகிறது. வாயு வெளியேற வழியில்லாத மாடு வயிறு ஊதியே செத்துப்போகும்.

ஆகவே தோட்டத்து கேட்டில் நிற்கும் ஜாகா, அதாவது காவலாளி, தூங்கிவிடவில்லை. உள்ளே நெருக்கடி என்று மணியடித்ததால் காற்றை வெளியேற்றத்தான் கேட்டைத் திறக்கிறான். அந்த நேரத்தில் கேட்டருகே காற்று நின்றால் ஏப்பம், பால் நின்றால் கக்கல்.

எது நிற்கும் என்பதை அறியச் சாப்பாட்டுக் கடைக்குப் போங்கள். பிளாஸ்டிக் பையில் தே தாரிக்கை ஊற்றி, உறிஞ்சுகுழாய் செருகி, ரப்பர் வளையம் போட்டுக் கட்டிக் கொடுப்பார்களே, அதில் ஒன்று வாங்கிப் பாதியைக் குடித்துவிடுங்கள். இப்போது பையில் பாதி தேநீர், பாதி காற்று. குழாயின் உள்முனை காற்றில் இருக்கும்படி சற்று மேலே இழுத்து, பையை மெதுவாக அமுக்கினால் காற்றுதான் வரும். பையை மேசையில் சாய்த்து, முனை தேநீரில் மூழ்கும்படி வைத்து அமுக்குங்கள். சட்டையை மாற்ற வேண்டியிருக்கும். பையும் அதேதான், அமுக்கியதும் அதேதான், முனை இருந்த இடம் மட்டும் வேறு.

உணவுக்குழாய் இரைப்பைக்குள் நுழையும் வாய், முதுகுப் பக்கமாக இருக்கிறது. பிள்ளை மல்லாந்து கிடந்தால் அந்த வாய் பாலுக்கு அடியில் போய்விடுகிறது. நிமிர்த்திப் பிடித்தால் பால் கீழே இறங்கி, வாயருகே காற்று வந்து நிற்கிறது. இடப்பக்கம் சாய்த்தாலும் ஏறக்குறைய இதுவே நடக்கும், ஏனென்றால் இரைப்பையின் பெரிய வளைவு இடப்பக்கம்தான். வலப்பக்கம் சாய்த்தால் வாய் பாலில் மூழ்கும், திறப்புகளும் அதிகமாகும் என்று அளந்து பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள்.

அளவையும் பாருங்கள். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் 6 கிலோ பிள்ளை ஒரு நாளில் சுமார் 750 மில்லி குடிக்கிறான். 60 கிலோ எடையுள்ள நான் அந்தக் கணக்கில் குடிப்பதென்றால் ஏழரை லிட்டர், அதுவும் படுத்துக்கொண்டே. எனக்குக் கைலி போதாது, கூடாரத் துணி வேண்டும்.

இனி, அவளிடம் சொன்னவை. பால் பீய்ச்சியடிக்கும் அளவுக்குச் சுரந்தால், முதல் பாய்ச்சலைத் துணியில் விட்டுவிட்டுப் பிறகு கொடுக்கலாம். தாய் பின்னால் சாய்ந்துகொண்டு பிள்ளையை நெஞ்சின்மேல் போட்டுக்கொண்டால் வேகம் குறையும். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுக்கலாம். குடித்தபின் இருபது முப்பது நிமிடம் தோளில் நிமிர்த்தி வைத்திருக்கலாம். உடனே ஸ்பிரிங் தொட்டிலில் போட வேண்டாம். சாரோங்குக்குள் பிள்ளை வில்லாக வளைகிறான், வயிறு மடிந்து அமுங்குகிறது. தே தாரிக் பையை அமுக்கியது நினைவிருக்கட்டும். குழந்தை நாற்காலியில் சரிந்து உட்கார்ந்திருக்கும்போது, குப்புறக் கிடப்பதைவிடப் பிள்ளைகளுக்கு அமிலம் அதிகமாக மேலேறியதாக 1983இலேயே ஓர் ஆய்வு வந்தது.

அதற்காகக் குப்புறப் போட்டுத் தூங்க வைத்துவிடாதீர்கள். தொட்டில் மரணம் என்ற திடீர்ச் சாவின் அபாயத்தைக் குப்புறத் தூக்கம் பெரிதும் கூட்டுகிறது. மல்லாந்து கிடந்தால் புரையேறிவிடும் என்று மாமியார் பயந்தார். அப்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கின்றன. கக்கிய பால் மூச்சுக்குழாய்க்குள் போக வேண்டுமானால் மேடேற வேண்டும். குப்புறப் போட்டால்தான் மூச்சுக்குழாய் பள்ளத்தில் கிடக்கும். இடப்பக்கச் சாய்வும் கையில் வைத்திருக்கும்போது மட்டும்தான். தூக்கம் என்றால் தட்டையான மெத்தையில் மல்லாந்துதான்.

அமிலத்தைக் குறைக்கும் மருந்து? 2009இல் 162 குழந்தைகளிடம் அப்படி ஒரு மருந்தைச் சோதித்தார்கள். மருந்து குடித்தவர்களில் 54 விழுக்காட்டினருக்குக் குணம். வெற்று மருந்து குடித்தவர்களிலும் அதே 54. நெஞ்சுச் சளித் தொற்று மட்டும் மருந்துக் கூட்டத்தில் அதிகம். கதவு திறப்பதுதான் காரணமென்றால் அமிலத்தைக் குறைத்து ஆவதென்ன?

எனக்குப் பிடித்த ஆய்வு அதைவிடச் சிறியது. இந்தியாவின் சண்டிகரில் 71 தாய்மாரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் முதுகைத் தட்டி ஏப்பம் விடவைக்கக் கற்றுக்கொடுத்தார்கள். வயிற்றுவலி அழுகை குறையவில்லை. கக்கல் கூடியது! ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கும் மேலிடங்கள் இதைக் கவனிக்க வேண்டும். பெரிய இயந்திரம் எதுவும் இல்லாமல், பொறுமையாகக் குறித்து வைத்தே ஓர் உண்மையைப் பிடித்திருக்கிறார்கள். நம் ஸ்பிரிங் தொட்டிலை இப்படி ஆராய ஒரு மலேசியப் பல்கலைக்கழகம் முன்வந்தால் துவாலைச் செலவை நான் ஏற்கிறேன்.

வசம்பைப் பற்றியும் சொல்லித்தான் ஆக வேண்டும். பேர் சொல்லாதது, பிள்ளை வளர்ப்பான் என்றெல்லாம் கொண்டாடுகிறோம். அதிலுள்ள பீட்டா அசரோன் நச்சுத்தன்மை உள்ளது, விடாத வாந்தியையே உண்டாக்கக்கூடியது. அமெரிக்கா 1968இல் வசம்பை உணவுப் பொருள்களில் தடைசெய்தது. வாந்தி வரவைக்கும் வேரை வாந்திக்கு மருந்தென்று உரசுகிறோம். நெற்றியில் திருஷ்டிப் பொட்டு வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றுமில்லை. உரம் எடுக்கிறேன் என்று பால் குடித்த பிள்ளையைச் சேலையில் போட்டு உருட்டுவதைப் பார்த்தால் மட்டும் சும்மா இருக்க மாட்டேன்.

பச்சையாகவோ இரத்தம் கலந்தோ கக்கினாலும், ஒவ்வொரு முறையும் எட்டிப் பாய்வதுபோல் வாந்தியெடுத்தாலும், காய்ச்சலடித்தாலும், சோர்ந்து கிடந்தாலும், சிறுநீர் குறைந்தாலும், எடை ஏறாவிட்டாலும் அன்றே டாக்டரிடம் போக வேண்டும். இவனுக்கு அப்படி எதுவும் இல்லை. கிளினிக்கில் மிஸ்ஸி (தாதி) குறித்துக் கொடுத்த எடைக் கோடு ஒழுங்காக மேலேறியிருந்தது.

2023 ஜனவரி முதல் நம் நாட்டில் மகப்பேறு விடுப்பு 98 நாள். தாய் வேலைக்குத் திரும்பும் வேளையும் கக்கல் உச்சத்துக்குப் போகும் நான்காம் மாதமும் ஒட்டியே வருகின்றன. பாட்டி புட்டியில் கொடுக்கும்போது கக்கல் கூடுகிறது, பழி ஐஸ்பெட்டியில் வைத்த பாலின்மேல் விழுகிறது. பாவம், அது நாள்காட்டியின் வேலை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மாமியார் வசம்பை அலமாரியில் வைத்தார். ஒரு கேள்வி மட்டும் மிச்சமிருந்தது. "அதெல்லாம் சரி டீச்சர், தாய்மேல் விட்டுவிட்டு ஏன் என்மேலேயே கக்குகிறான்?"

"பால் கொடுப்பது அவள். முதுகைத் தட்டுவது யார்?" என்றேன்.