விமான நிலையக் கம்பெனியின் இயக்குநர்கள் யார், என்ன பின்னணி: கேட்கும் உரிமையும் இழுத்தடிப்பும்

விமான நிலையத்தை நடத்தும் கம்பெனியின் இயக்குநர் குழுவில் இருப்பவர்கள் யார், இதற்கு முன் என்ன வேலை பார்த்தவர்கள் என்று கேட்டால், "இணையதளத்தில் போட்டிருக்கிறதே" என்பதுதான் முதலில் கிடைக்கும் பதில். அங்கே போட்டிருப்பது கோட்டு அணிந்த ஒரு படமும், "முப்பது ஆண்டுகளுக்கும் மேலான பரந்த அனுபவம்" என்ற ஒரு வரியும்தான். எதில் அனுபவம் என்று இருக்காது. பங்கு வைத்திருக்கும் ஓய்வூதியர், நிலம் கொடுத்தவர், ஒப்பந்தத் தொழிலாளர் என எல்லோரையும் இதே பதிலைச் சொல்லித் திருப்பி அனுப்புவதைப் பார்த்து அலுத்துப் போய்தான் இதை எழுதுகிறேன்.

சட்டத்தை இரண்டு வரியில் முடித்துவிடலாம். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம் இயக்குநருக்கென்று எந்தக் கல்வித் தகுதியையும் விதிக்கவில்லை. சுயேச்சை இயக்குநருக்கு (கம்பெனியையும் அதன் முதலாளிகளையும் சாராதவருக்கு) மட்டும் நிதி, சட்டம், மேலாண்மை, விற்பனை, நிர்வாகம், ஆராய்ச்சி, தொழில்நுட்பம் என நீளும் பட்டியலில் ஏதாவது ஒன்றில் அறிவும் அனுபவமும் வேண்டும் என்கிறது விதி. அந்தப் பட்டியலுக்குள் யாரை வேண்டுமானாலும் அடக்கிவிடலாம். ஆகவே "விமானத் துறையே தெரியாதவர் எப்படி இயக்குநரானார்?" என்று மனு எழுதுவது வீண். அதில் சட்டமீறல் எதுவும் இல்லை. நீங்கள் கேட்க வேண்டியது விவரம். அதைக் கேட்கத்தான் உங்களுக்கு உரிமை இருக்கிறது.

யாரிடம் கேட்பது என்பதிலேயே பாதிப் பேர் வழி தவறுகிறார்கள். சென்னை, மதுரை, திருச்சி, கோவை விமான நிலையங்களை நடத்துவது இந்திய விமான நிலைய ஆணையம். அது 1994ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த அமைப்பு; கம்பெனிகள் சட்டத்தின்கீழ் பதிவான கம்பெனி அல்ல. கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் நாள் முழுதும் தேடினாலும் அதன் உறுப்பினர்களின் விவரம் கிடைக்காது. அங்கே தகவல் அறியும் உரிமை மனுதான் வழி. டெல்லி, பெங்களூரு, ஹைதராபாத், கொச்சி ஆகியவற்றை நடத்துபவை தனிக் கம்பெனிகள். அவற்றுக்குத்தான் கீழே சொல்வது பொருந்தும்.

இந்தக் கம்பெனிகளில் பங்கு வைத்திருப்பவருக்குக் கம்பெனிகள் சட்டத்தின் 171ஆவது பிரிவு நல்ல ஆயுதம். இயக்குநர்கள் பதிவேட்டை அலுவலக நேரத்தில் பார்வையிடலாம், குறிப்பெடுக்கலாம். நகல் கேட்டால் 30 நாளுக்குள் இலவசமாகத் தர வேண்டும். ஆனால் இந்த உரிமை 'உறுப்பினருக்கு' உரியது. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அப்பா பெயரில் பங்குச் சான்றிதழ் இருக்கிறது, அப்பா காலமாகிவிட்டார் என்றால், சான்றிதழ் உங்கள் பீரோவில் இருப்பதால் மட்டும் நீங்கள் உறுப்பினர் ஆகிவிட மாட்டீர்கள். வாரிசுரிமைப்படி பெயர் மாற்றம் முடிந்து, உறுப்பினர் பதிவேட்டில் உங்கள் பெயர் ஏற வேண்டும். அதற்கு முன் நீங்கள் எழுதும் எல்லாக் கடிதத்துக்கும் "எங்கள் பதிவேட்டில் தங்கள் பெயர் இல்லை" என்ற ஒற்றை வரிதான் பதில். கணவர் முதல் பெயராகவும் மனைவி இரண்டாவது பெயராகவும் கூட்டாக வைத்திருந்தால், அறிவிப்புகள் எல்லாம் முதல் பெயருக்கே போகும். அவருடைய பழைய மின்னஞ்சலுக்குப் போய் யாரும் திறக்காமல் கிடக்கும். இயக்குநர்களைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் முகவரியையும் மின்னஞ்சலையும் புதுப்பியுங்கள்.

இன்னொரு ஏமாற்றமும் உண்டு. பங்குச் சந்தையில் தாய் நிறுவனத்தின் பங்கை வாங்கியவர், அதன் கீழுள்ள விமான நிலையக் கம்பெனிக்கும் தானே பங்குதாரர் என்று நினைத்துக்கொள்கிறார். இல்லை. துணை நிறுவனத்தின் உறுப்பினர் தாய் நிறுவனம்தான். 171ஆவது பிரிவைக் காட்டி விமான நிலையக் கம்பெனியிடம் நீங்கள் கேட்க முடியாது.

சரி, உறுப்பினர் என்று ஒப்புக்கொண்டு பதிவேட்டையும் காட்டிவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அதில் பெயர், தந்தை பெயர், முகவரி, பிறந்த தேதி, பதவியேற்ற நாள், வேறு எந்தக் கம்பெனிகளில் இயக்குநர், எவ்வளவு பங்கு வைத்திருக்கிறார் என்பதெல்லாம் இருக்கும். 'தொழில்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் 'வணிகம்' என்றோ 'பணி' என்றோ ஒரே சொல் எழுதியிருப்பார்கள். பின்னணி தேடிப் போனவருக்கு அந்த ஒரு சொல்தான் மிஞ்சும். ஆகவே பதிவேட்டிலிருந்து எடுக்க வேண்டியது 'வேறு கம்பெனிகள்' என்ற பகுதியை. விமான நிலையத்துக்குள் கடை நடத்தும் நிறுவனத்திலோ, கட்டுமான ஒப்பந்தம் எடுத்த நிறுவனத்திலோ இதே மனிதர் உட்கார்ந்திருக்கிறாரா என்பது அங்கேதான் தெரியவரும். பெயரை நம்பாதீர்கள். ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். எட்டு இலக்க இயக்குநர் அடையாள எண்ணை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

உண்மையான பின்னணி வேறோர் இடத்தில் இருக்கிறது: ஆண்டுப் பொதுக்கூட்ட அறிவிப்பு. புதிதாக ஒருவரை நியமிக்கவோ, சுழற்சியில் விலகுபவரை மறுபடி நியமிக்கவோ தீர்மானம் வந்தால், அவருடைய வயது, கல்வி, அனுபவம், ஊதியம், மற்ற இயக்குநர்களோடு உறவு, எத்தனை குழுக் கூட்டங்களுக்கு வந்தார் என்பதையெல்லாம் அறிவிப்போடு தர வேண்டும். கூட்டத்துக்கு 21 முழு நாட்களுக்கு முன்பே அறிவிப்பு வந்தாக வேண்டும். பெரும்பாலானவர்கள் லாப ஈவு எவ்வளவு என்று பார்த்துவிட்டு மூடிவைத்துவிடுகிறார்கள். கடைசிப் பக்கங்களில் உள்ள இணைப்பைப் படியுங்கள். பழைய அறிவிப்புகளையும் பத்திரப்படுத்துங்கள். ஒரே ஆளின் அனுபவம் ஆண்டுக்கு ஆண்டு எப்படி வளர்ந்து கொழுக்கிறது என்பது ஒப்பிட்டால் தெரியும்.

பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட தாய் நிறுவனமாக இருந்தால், எந்த இயக்குநருக்கு எந்தத் திறன் என்ற அட்டவணையை ஆண்டறிக்கையில் வெளியிட வேண்டும். நல்ல விதிதான். நடைமுறையில் எல்லாப் பெயருக்கு நேரேயும் எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். நிதி தெரியும், சட்டம் தெரியும், தொழில்நுட்பம் தெரியும், எல்லோருக்கும் எல்லாம் தெரியும். அப்படி ஓர் அட்டவணையைக் கண்டால் கூட்டத்தில் எழுந்து ஒரே ஒரு பெயரைச் சொல்லி, "ஓடுபாதைப் பாதுகாப்பில் இவர் எங்கே, எந்தப் பொறுப்பில் வேலை பார்த்தார்?" என்று கேளுங்கள். காணொளிக் கூட்டமாக இருந்தால் கேள்வியை முன்கூட்டியே மின்னஞ்சலில் அனுப்பச் சொல்வார்கள். அந்தக் கெடு தேதி அறிவிப்பின் பொடி எழுத்துக்குள் ஒளிந்திருக்கும்.

'சுயேச்சை இயக்குநர்' என்ற சொல்லிலும் மயங்க வேண்டாம். அரசோ நிதி நிறுவனமோ அனுப்பும் நியமன இயக்குநர் சட்டப்படி சுயேச்சை இயக்குநர் ஆக மாட்டார். அமைச்சகத்திலிருந்து ஓய்வு பெற்ற அதிகாரி ஆகலாம். கம்பெனியில் முந்தைய மூன்று நிதியாண்டுகளில் ஊழியராக இருந்தவரைத்தான் சட்டம் தடுக்கிறது. அந்தக் கம்பெனிக்கு உரிமம் கொடுத்த மேசையில் உட்கார்ந்திருந்தவரை அல்ல. பட்டியலிடப்படாத பெரிய பொதுக் கம்பெனிகளுக்குக் குறைந்தது இரண்டு சுயேச்சை இயக்குநர்கள் வேண்டும் என்ற விதியிலிருந்து, 2017இல் கூட்டு முயற்சிக் கம்பெனிகளுக்கும், மொத்தப் பங்கும் தாய் நிறுவனத்திடமே உள்ள துணை நிறுவனங்களுக்கும் விலக்குக் கொடுத்துவிட்டார்கள். விமான நிலையங்கள் பெரும்பாலும் எந்த வடிவத்தில் கைமாறுகின்றன என்று யோசித்துப் பாருங்கள்.

பங்கே இல்லாதவர்களும் கம்பெனிப் பதிவாளரிடம் உள்ள ஆவணங்களைப் பார்க்கலாம். இயக்குநர் பட்டியலை அமைச்சகத் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். 100 ரூபாய் கட்டினால் அந்தக் கம்பெனி தாக்கல் செய்த ஆவணங்கள் திறக்கும். பார்ப்பதற்குக் கால வரம்பு உண்டு. திறந்த கையோடு பதிவிறக்குங்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் மறுபடி பணம் கட்ட வேண்டும். எடுக்க வேண்டியவை இரண்டு: நியமனத்தைத் தெரிவிக்கும் டிஐஆர்-12 படிவம், ஆண்டு விவர அறிக்கையான எம்ஜிடி-7 படிவம். இரண்டாவதில் ஒவ்வோர் இயக்குநரும் எத்தனை கூட்டங்களுக்கு வந்தார் என்பது இருக்கும்.

பதிவேட்டைக் காட்ட மறுத்தாலோ, 30 நாளில் நகல் வராவிட்டாலோ, பதிவாளரிடம் விண்ணப்பியுங்கள். உடனே காட்டும்படி அவர் உத்தரவிட வேண்டும் என்கிறது சட்டம். தொலைபேசியில் கேட்டது கணக்கில் வராது. நிறுவனச் செயலாளர் பெயரில், பதிவு அலுவலக முகவரிக்கு, விரைவு அஞ்சலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஊர்ப் பதிவாளர் என்பதைத் தீர்மானிப்பது கம்பெனியின் பதிவு அலுவலகம் உள்ள இடம். விமான நிலையம் இருக்கும் ஊர் அல்ல. இதில் தவறினால் மனு அங்குமிங்கும் அலைந்தே மாதங்கள் ஓடிவிடும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைத் தனியார் பங்குள்ள விமான நிலையக் கம்பெனியிடம் நேரடியாக நீட்டினால், "நாங்கள் பொது அதிகார அமைப்பு அல்ல" என்பார்கள். கொச்சி கம்பெனி இந்த வாதத்தோடு உயர் நீதிமன்றத்துக்கே போனது, அதன் தலைவர் மாநில முதலமைச்சராக இருந்தும். அந்தச் சண்டை உங்களுக்கு வேண்டாம். ஹைதராபாத், பெங்களூரு போன்ற கம்பெனிகளில் விமான நிலைய ஆணையமும் மாநில அரசும் பங்குதாரர்கள். அவர்கள் சார்பில் இயக்குநராக அமர்ந்திருப்பவர் யார், எந்த உத்தரவின்படி, என்ன தகுதியைப் பார்த்து அனுப்பப்பட்டார் என்று ஆணையத்திடமோ மாநிலத் துறையிடமோ 10 ரூபாய் கட்டணத்தோடு கேளுங்கள். "பயோடேட்டா கொடுங்கள்" என்று கேட்டால் தனிப்பட்ட தகவல் என்று கதவைச் சாத்திவிடுவார்கள். "நியமன உத்தரவின் நகலும் அதற்கான கோப்புக் குறிப்பின் நகலும்" என்று கேளுங்கள். "கோரிய தகவல் இவ்வலுவலகத்தில் இல்லை" என்று பதில் வந்தால், எந்த அலுவலகத்தில் இருக்கிறதோ அங்கே ஐந்து நாளுக்குள் மனுவை மாற்றி அனுப்பியிருக்க வேண்டும் என்று 6(3)ஆவது பிரிவைக் காட்டி, 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள்.