முறுக்கேறாத கயிறு

‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’ என்ற வீடியோ கேம் விளையாடும் கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “பட்டனை அழுத்தியதும் கதாநாயகன் ஆர்தர் மார்கனின் தலைக்கு மேல் லாசோ (எறிந்து பிடிக்கும் சுருக்குக் கயிறு) வட்டமாக விரிந்து சுழல்கிறது. நான் மொட்டைமாடியில் கொடிக்கயிற்றில் சுருக்குப் போட்டுச் சுழற்றினால் இரண்டு மூன்று சுற்றிலேயே எட்டு போல மடிந்து என் மேலேயே விழுகிறது. விளையாட்டில் காட்டுவது பொய்யா, என் கை சரியில்லையா?”

கையும் சரிதான், விளையாட்டில் தெரியும் காட்சியும் உண்மைதான். ஆனால் உங்கள் விரல்கள் செய்ய வேண்டிய ஒரு வேலையை விளையாட்டு சத்தமில்லாமல் எடுத்துவிட்டது. அந்த வேலைக்குப் பின்னால் இருக்கும் இயற்பியல் எனக்கு மிகவும் பிடித்தது என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

விளையாடாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். 2018 அக்டோபரில் வெளிவந்த இந்த விளையாட்டின் கதை 1899இல் அமெரிக்காவில் நடக்கிறது. பிளேஸ்டேஷனில் எல்2 பட்டனை அழுத்திப் பிடித்தால் லாசோ சுழலும், ஆர்2 அழுத்தினால் பறக்கும். குதிரையோ ஆளோ சுருக்கில் மாட்டிய பிறகும் எல்2ஐ விடக் கூடாது. அதைப் பிடித்துக்கொண்டே ஆர்2ஐ அழுத்தி அழுத்தி இழுக்க வேண்டும். புதியவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். மாட்டிவிட்டதே என்ற சந்தோஷத்தில் விரலை எடுப்பார்கள், குதிரை போய்விடும். இந்த விதி இயற்பியலுக்குப் பொருந்துகிறது. கயிற்றால் இழுக்க மட்டுமே முடியும், தள்ள முடியாது. இழுவிசை போனால் சுருக்கைப் பிடித்து வைக்க வேறு எதுவும் இல்லை.

சரி, சுழலும்போது வளையம் ஏன் விரிந்தே இருக்கிறது? பள்ளியில் படித்த மையவிலக்கு விசைதான். வளையத்தின் ஒவ்வொரு துண்டும் வெளியே ஓடப் பார்க்கிறது, அதைக் கயிற்றின் இழுவிசை பிடித்து வைக்கிறது. ஒரு மீட்டர் விட்டமுள்ள வளையம், மீட்டருக்கு 65 கிராம் எடையுள்ள கயிறு, நொடிக்கு 2 சுற்று என்று வைத்துக்கொண்டால் கயிற்றின் வேகம் நொடிக்கு 6.3 மீட்டர். மீட்டருக்கான நிறையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் இழுவிசை: சுமார் 2.6 நியூட்டன், அதாவது கால் கிலோவைத் தூக்கிப் பிடிக்கும் அளவு. வளையத்தின் எடையே 200 கிராம்தான். அதனால் அது ஓரளவு கிடைமட்டமாகவே சுற்றும். நொடிக்கு ஒரு சுற்று என்று வேகத்தைப் பாதியாக்கினால் இழுவிசை கால்வாசியாகிவிடும், வளையம் தொங்கிப்போகும். மெல்லிய பிளாஸ்டிக் கொடிக்கயிறு சரிப்படாததற்கு ஒரு காரணம் இதுதான். அதன் எடை குறைவு, இழுவிசையும் குறைவு, காற்று எளிதில் கலைத்துவிடும்.

ஆனால் அது எட்டு போல மடிவதற்குக் காரணம் வேறு.

கயிற்றின் நீளம் முழுக்க ஒரு பக்கத்தில் சிவப்பு மையால் கோடு போட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். இப்போது கையால் சின்ன வட்டம் போட்டுக் கயிற்றைச் சுழற்றுகிறீர்கள். உங்கள் கை வட்டத்தில் நகர்கிறது, ஆனால் தானே திரும்பவில்லை: விரல் முட்டிகள் எந்தத் திசையைப் பார்த்து இருந்தனவோ அதே திசையைத்தான் சுற்று முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும். கயிற்றின் மறுமுனையில் இருக்கும் வளையமோ முழுதாக ஒரு சுற்றுத் திரும்பிவிடுகிறது. ஒரு முனை திரும்பவே இல்லை, மறுமுனை ஒரு சுற்றுத் திரும்பிவிட்டது. அப்படியானால் நடுவில் இருக்கும் அந்தக் கொஞ்ச நீளக் கயிற்றில் ஒரு முறுக்கு ஏறியே ஆக வேண்டும். சிவப்புக் கோடு அங்கே ஒரு முறை கயிற்றைச் சுற்றி வந்திருக்கும். நொடிக்கு 2 சுற்று என்றால் 5 நொடியில் 10 முறுக்கு.

இந்த முறுக்கெல்லாம் எங்கே போகும்? நனைந்த வேட்டியைப் பிழிந்திருந்தால் தெரியும். ஒரு அளவுக்கு மேல் முறுக்கினால் துணி நேராக இருக்க மறுத்து, நடுவில் தானே தன் மேல் சுருண்டுகொள்ளும். முறுக்கை ஏந்திக்கொண்டு நேராக நிற்பதைவிட, வளைந்து தன்னையே குறுக்காகத் தாண்டிக்கொள்வது அதற்கு எளிது. லாசோ வளையத்தில் அந்தக் குறுக்குத் தாண்டல்தான் நீங்கள் பார்த்த எட்டு. முனைகள் இணைந்த ஒரு பட்டையை வெட்டாதவரை, அதன் முறுக்கையும் சுருளலையும் (தன்னையே குறுக்காகத் தாண்டும் அளவையும்) கூட்டினால் வரும் எண் மாறாது என்று 1961இல் ருமேனியக் கணிதவியலாளர் கலுகரியானு காட்டினார். ஒன்று குறைந்தால் மற்றது கூடியாக வேண்டும்.

கயிறு சுற்றி வித்தை காட்டுகிறவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? வளையம் ஒரு சுற்று சுற்றும்போது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் கயிற்றை ஒரு முறை உருட்டுகிறார்கள். ஏறிய முறுக்கு அந்தச் சுற்றிலேயே கழன்றுவிடுகிறது. தூரத்திலிருந்து பார்த்தால் கை வட்டம் போடுவது மட்டும்தான் தெரியும், உருட்டல் தெரியாது. கற்றுக்கொள்ள மாதக்கணக்கில் ஆவது இந்தக் கண்ணுக்குத் தெரியாத பகுதிதான். மாடு பிடிக்கிறவர்களின் வீச்சு வேறு மாதிரி. வளையத்தின் ஒரு பக்கத்தையும் கையிலிருந்து போகும் கயிற்றையும் சேர்த்து உள்ளங்கையில் பிடித்துத் தலைக்கு மேல் சுழற்றுவார்கள். அப்படிப் பிடித்தால் விரலில் உருட்ட முடியாது, அதனால் ஒவ்வொரு சுற்றிலும் மணிக்கட்டைப் புரட்டுகிறார்கள். புரட்டாமல் விட்டால் அவர்களுக்கும் எட்டுதான். அவர்கள் கயிறு விறைப்பாகவும் இருக்கும். சுமார் 10 மில்லிமீட்டர் தடிமன், நெருக்கமாகப் புரி முறுக்கிய நைலான், தொட்டால் குச்சி மாதிரி. விறைப்பான கயிறு எளிதில் சுருண்டு மடியாது.

இனி கணினிக்குள் போவோம். பல விளையாட்டுகளில் கயிறு என்பது வரிசையாகக் கோத்த புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டே விஷயம் நினைவிருக்கும்: இப்போது இருக்கும் இடம், ஒரு கணம் முன்பு இருந்த இடம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அப்படியே முன்னால் நீட்டி, ஈர்ப்பு விசைக்காகக் கொஞ்சம் கீழே இறக்கினால் அடுத்த இடம் கிடைத்துவிடும். அப்புறம் பக்கத்துப் புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரத்தைச் சரிபார்க்க வேண்டும். அதிகமாகிவிட்டால் இரண்டையும் பாதிப் பாதியாக நெருக்கு, குறைந்தால் தள்ளு. ஒன்றைச் சரிசெய்தால் பக்கத்தில் உள்ளது கெடும், ஆகவே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். நொடிக்கு 30 படங்கள் ஓடும் விளையாட்டில் ஒரு படத்துக்குக் கிடைக்கும் 33 மில்லிநொடியில் எல்லாமே முடிந்தாக வேண்டும். திருத்தும் சுற்றுகளைக் குறைத்தால் கயிறு ரப்பர் போல நீளும். 1967இல் பிரெஞ்சு இயற்பியலாளர் லூப் வெர்லே திரவத்தின் மூலக்கூறுகள் எப்படி நகர்கின்றன என்று கணிக்கப் பயன்படுத்திய முறைதான் இதில் அடுத்த இடத்தைக் கண்டுபிடிக்கும் பகுதி. 2001இல் தாமஸ் யாக்கப்சன் விளையாட்டு நிரலாளர்களுக்கு இதை விளக்கி எழுதிய பிறகு துணி, கயிறு, சாயும் உடல் என்று எல்லாவற்றுக்கும் பரவியது.

இந்த முறையில் ஒரு புள்ளிக்கு இடம் உண்டு, ஆனால் முகம் கிடையாது. எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்ற கேள்வியே அதற்கு இல்லை. சிவப்புக் கோட்டை அதன் மேல் போட முடியாது. முகம் இல்லாவிட்டால் முறுக்கும் இல்லை. புள்ளிக் கயிற்றை நீங்கள் ஆயிரம் சுற்றுச் சுற்றினாலும் அதில் ஒரு முறுக்குகூட ஏறாது. போதாததற்குத் தலைக்கு மேல் சுழலும் கட்டத்தை அனிமேஷன் கலைஞர்கள் முன்கூட்டியே செய்து வைப்பதும் உண்டு. ஆள்காட்டி விரல் எல்2ஐ அழுத்திக்கொண்டு சும்மா இருக்கலாம் என்பது இப்படித்தான் வந்தது.

கணினிக் கயிற்றில் முறுக்கைக் கொண்டுவரவே முடியாது என்று நினைக்க வேண்டாம். 2008இல் ஐந்து ஆய்வாளர்கள், புள்ளிகளுக்கு நடுவில் உள்ள ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கோணத்தைக் கூடுதலாகக் கொடுத்து, முறுக்கேறும் மெல்லிய கம்பிகளைக் கணிக்கும் வழியை வெளியிட்டார்கள். அந்த ஐவரில் ஒருவர் பாசில் ஓடொலி. 2014இல் பியர்-தோமா ப்ரன், நீல் ரீப் என்ற இருவருடன் சேர்ந்து லாசோவின் இயக்கவியல் பற்றிய ஆய்வுக்கட்டுரையை லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் எழுதியதும் இதே ஓடொலிதான். கிடைமட்டமாகச் சுழலும் வளையம் எப்போது நிலைத்து நிற்கும், எப்போது தன் மேலேயே ஒட்டிச் சரிந்துவிடும், சுருக்கின் கண்ணியில் (கயிறு நுழைந்து ஓடும் சின்ன வளையத்தில்) எவ்வளவு உராய்வு இருக்க வேண்டும் என்பதையெல்லாம் அதில் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

இப்படி ஒரு செய்தி வந்தால் உடனே “லாசோவுக்கெல்லாம் ஆராய்ச்சியா, யார் வீட்டுப் பணம்?” என்று கேட்கிறவர்கள் உண்டு. எனக்கு இதில் கோபமே வரும். முறுக்கின் கணக்கு கயிற்றோடு நிற்பதில்லை. உங்கள் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் டிஎன்ஏ முறுக்கிய ஏணி போன்ற இரட்டைச் சுருள், சுமார் 10.5 படிகளுக்கு ஒரு சுற்று. பிரதி எடுக்கும் எந்திரம் நொடிக்கு ஏறக்குறைய 1000 படிகளைப் பிரித்துக்கொண்டு ஓடுகிறது. அப்படியானால் முன்னால் இருக்கும் டிஎன்ஏவில் நொடிக்குக் கிட்டத்தட்ட 100 முறுக்கு ஏற வேண்டும்! செல் உடனே சிக்கிக்கொண்டு செத்திருக்கும். சாகாததற்குக் காரணம் டோபோஐசோமரேஸ் என்ற நொதிகள். அவை இழையை வெட்டி, முறுக்கைக் கழற்றி, திரும்ப ஒட்டுகின்றன. விரலில் கயிற்றை உருட்டுகிறவர் செய்யும் அதே வேலை. இந்த வகை நொதி ஒன்றை முதலில் ஈ.கோலையில் கண்டறிந்து 1971இல் அறிவித்தவர் ஜேம்ஸ் வாங். மருந்துக்கடையில் எல்லாருக்கும் தெரிந்த சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரை பாக்டீரியாவைக் கொல்வது இந்த நொதிகளைக் குறிவைத்துத்தான். சில புற்றுநோய் மருந்துகளும் நம் செல்லில் உள்ள இதே குடும்ப நொதிகளைத் தாக்குகின்றன. மூடிய பட்டையின் முறுக்கைப் பற்றி யோசித்த கணிதவியலாளரிடம் “இதனால் என்ன பயன்?” என்று கேட்டு அப்போதே நிதியை நிறுத்தியிருந்தால், டிஎன்ஏவின் சுருளலை அளக்க உயிரியலாளர்களுக்கு அந்தச் சமன்பாடு கிடைத்திருக்காது. நிதி கொடுக்கும் குழுக்கள் பயனை முன்கூட்டியே எழுதித் தரச் சொல்வதை நிறுத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சரி, மறுபடி குதிரைக்கு வருவோம். எறிவதில் சொல்ல அதிகம் இல்லை. விட்ட கணத்தில் வளையம் தொடுகோட்டுத் திசையில் போகும், சுழற்சி அதோடு கூடவே போகும், அதனால் பறக்கும்போதும் விரிந்தே இருக்கும். விளையாட்டிலும் வெளியிலும் ஒன்றுபோல் பலிக்கும் உத்தி துரத்தும் விதத்தில் இருக்கிறது. நீங்கள் அசையாமல் நின்று, குறுக்கே நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் ஓடும் குதிரை மேல் அதே வேகத்தில் லாசோ எறிகிறீர்கள், தூரம் 6 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வளையம் போய்ச் சேர 0.6 நொடி. அதற்குள் குதிரை 6 மீட்டர் தள்ளிப் போயிருக்கும். அவ்வளவு முன்னால் குறி வைக்க வேண்டும், அது சட்டென்று திரும்பினால் எல்லாம் வீண். அதையே அதன் பின்னால் சென்று, அதே வேகத்துக்கு உங்கள் குதிரையையும் கொண்டுவந்துவிட்டால் சார்பு வேகம் பூஜ்யம். உங்கள் பார்வையில் அது நின்றுகொண்டிருக்கிறது. நேராகக் கழுத்துக்கே எறியலாம். எதிர்காற்று மட்டும்தான் பாக்கி. மணிக்கு 36 கிலோமீட்டர் காற்றைக் கிழித்துப் போக எடையுள்ள, விறைத்த கயிறு வேண்டும்.

மாட்டிய பிறகு நிஜத்தில் இன்னொரு கட்டம் இருக்கிறது, அதைக் கையால் மட்டும் சமாளிக்க முடியாது. 200 கிலோ கன்று இழுத்தால் எந்தக் கை தாங்கும்? சேணத்தின் முன்னால் நிற்கும் கொம்பில் கயிற்றைச் சுற்றிவிடுவார்கள். உராய்வுக் கெழு 0.3 என்றால் ஒரு சுற்றில் கையின் பிடி சுமார் 6.6 மடங்காகப் பெருகும், இரண்டு சுற்றில் 43 மடங்கு, மூன்று சுற்றில் 286 மடங்கு. சுற்றுக்குச் சுற்று கூட்டலாக இல்லாமல் பெருக்கலாகப் போகிறது. சுற்றும்போது கட்டைவிரல் கயிற்றுக்கும் கொம்புக்கும் நடுவில் மாட்டி அதை இழந்தவர்கள் நிறைய.

டெக்சாஸ்காரர்கள் கயிற்றின் நுனியைக் கொம்பில் இறுகக் கட்டியே வைத்திருப்பார்கள். கலிபோர்னியாவின் பழைய வாக்கேரோக்களுக்கு (குதிரை மேல் மாடு மேய்த்தவர்களுக்கு) அது ஒத்துவரவில்லை. அவர்களுடைய லாசோ பச்சைத்தோலைப் பின்னியது, திடீரென்று வெட்டி இழுத்தால் அறுந்துவிடும். அதனால் சுற்றைக் கொஞ்சம் தளர்த்திக் கயிறு கொம்பில் வழுக்கி ஓட விடுவார்கள். கன்றின் ஓட்டம் முழுக்க உராய்வில் வெப்பமாகித் தணியும். கொம்பில் புகை கிளம்பும் அளவுக்குச் சூடேறுவதும் உண்டு.