வாடகை வீட்டில் மூட்டைப்பூச்சி, கரப்பான், எலி: ஒன்ராறியோவில் யார் பொறுப்பு?

குசினி லைற்றைப் போட்டதும் சிங்குக்குப் பின்னால் ஓடி ஒளிகிற கரப்பானைக் கண்டால், நம் ஆட்கள் செய்கிற முதல் வேலை டொலர் கடைக்குப் போய் ஒரு ஸ்பிரே வாங்கி வருவது. இரண்டாவது வேலை, யாருக்கும் சொல்லாமல் இருப்பது. மூட்டைப்பூச்சி என்றால் இன்னும் மோசம். சொந்தக்காரர் வீட்டுக்கு வரமாட்டார்கள், துப்புரவில்லாத சனம் என்று பெயர் வந்துவிடும் என்கிற பயத்தில், பிள்ளைகளின் கையில் கடித்த தடிப்புகளோடு மாதக்கணக்கில் வாய் திறக்காமல் இருக்கிற குடும்பங்கள் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் உண்டு. இந்த வெட்கத்தால் நன்மை கட்டட உரிமையாளருக்கு மட்டும்தான், ஏனென்றால் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் பூச்சியை ஒழிக்கிற பொறுப்பும் அதற்கான செலவும் அவருடையவை.

இதைச் சொல்வது 2006ஆம் ஆண்டின் குடியிருப்பு வாடகைச் சட்டம். அதன் 20ஆம் பிரிவின்படி, வாடகைக்கு விட்ட வீட்டை நல்ல நிலையிலும் மனிதர் வாழத் தகுந்த நிலையிலும் வைத்திருக்க வேண்டியது உரிமையாளரின் கடமை. சுகாதாரம், பாதுகாப்பு, வீட்டுப் பராமரிப்பு தொடர்பான விதிகளையும் அவர்தான் பின்பற்ற வேண்டும். "வரும்போதே கரப்பான் இருந்தது, தெரிந்துதானே வந்தீர்கள்" என்று ஒருவர் சொன்னால் அது எடுபடாது. குடிவருமுன் குறை இருப்பது உங்களுக்குத் தெரிந்திருந்தாலும் உரிமையாளரின் கடமை மாறாது என்று அதே பிரிவிலேயே எழுதியிருக்கிறார்கள். ஒப்பந்தத்தில் "பூச்சி மருந்துச் செலவு வாடகைக்காரருடையது" என்று ஒரு வரி போட்டு உங்களிடம் கையெழுத்து வாங்கியிருந்தாலும் பயப்பட வேண்டாம், சட்டத்துக்கு முரணான ஒப்பந்த வரி செல்லாது என்று 4ஆம் பிரிவு சொல்கிறது.

சரி, வாடகைக்கு இருப்பவருக்கு ஒரு பொறுப்பும் இல்லையா? இருக்கிறது. வீட்டை வழமையான அளவில் துப்புரவாக வைத்திருப்பது 33ஆம் பிரிவின்படி உங்கள் வேலை. குப்பையைக் குவித்து வைத்துவிட்டு எலியைப் பற்றி முறையிட்டால் உங்கள் பக்கம் பலவீனமாகிவிடும். ஆனால் "நீங்கள்தான் கொண்டுவந்தீர்கள்" என்று சும்மா சொல்வது வேறு, அதை நிரூபிப்பது வேறு. மூட்டைப்பூச்சிக்கு ஊத்தையும் துப்புரவும் ஒன்றுதான். அதற்கு வேண்டியது இரத்தம், பளபளவென்று இருக்கிற வீட்டிலும் மெத்தைத் தையலுக்குள் போய் இருந்துகொள்ளும். பல மாடிக் கட்டடத்தில் அது சுவர் இடுக்காலும் மின்சார பிளக் பெட்டிக்குள்ளாலும் பக்கத்து வீட்டிலிருந்து வரலாம். எங்கேயிருந்து வந்தது என்று யாராலும் இலகுவில் சொல்ல முடியாது.

ரொறன்ரோவில் இருப்பவர்களுக்கு மாகாணச் சட்டத்துக்கு மேலே நகரசபையின் விதிகளும் கைகொடுக்கின்றன, இதுதான் பலருக்குத் தெரியாத பகுதி. மூன்று மாடி அல்லது அதற்கு மேலும், பத்து வீடு அல்லது அதற்கு மேலும் உள்ள வாடகைக் கட்டடங்களுக்கு 2017 முதல் ரென்ற்சேஃப்ரிஓ என்ற திட்டம் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி உரிமையாளர் 30 நாளுக்கு ஒரு தடவையாவது கட்டடத்தின் பொது இடங்களில் பூச்சி இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். பூச்சி இருக்கிறது என்று தகவல் கிடைத்தால் 72 மணி நேரத்துக்குள் அந்த இடத்தைப் பார்க்க வேண்டும். ஒழிப்பதற்கும் மற்ற வீடுகளுக்குப் பரவாமல் தடுப்பதற்கும் நடவடிக்கை எடுக்க வேண்டும், அதற்கு லைசன்ஸ் உள்ள ஆட்களைத்தான் அமர்த்த வேண்டும்; கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற சுப்பரின்டென்டன்ற் ஒரு போத்தலோடு வந்து மூலைகளில் அடித்துவிட்டுப் போவது போதாது. பூச்சி இருக்கிற வீட்டைப் புதிதாக ஒருவருக்கு வாடகைக்கு விடவும் கூடாது. கொண்டோ, ரவுண்ஹவுஸ், தனி வீட்டின் பேஸ்மென்ற் எல்லாம் இந்தத் திட்டத்துக்குள் வராது, ஆனால் கட்டட நிலை பற்றிய நகரசபையின் பொது விதி அவற்றுக்கும் உண்டு. அப்படியொரு விதி இல்லாத சிறிய ஊர்களுக்கும் மாகாணத்தின் பராமரிப்பு ஒழுங்குவிதி இருக்கிறது, எலியும் பூச்சியும் அண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அது கேட்கிறது.

இனி என்ன செய்வது என்பதற்கு வருகிறேன். எல்லாவற்றுக்கும் அடிப்படை எழுத்து. நம் ஆட்கள் லிஃப்ற்றில் சுப்பரின்டென்டன்றைக் கண்டு வாயால் சொல்லிவிட்டு, "மூன்று தரம் சொல்லியாச்சு" என்பார்கள். ஆறு மாதம் கழித்து யார் என்ன சொன்னார் என்று விசாரணை வரும்போது அந்த மூன்று தரமும் காற்றில் போன மாதிரித்தான். கண்ட அன்றைக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். பெரிய ஆங்கிலம் தேவையில்லை: உங்கள் பெயர், வீட்டு இலக்கம், என்ன பூச்சி, எந்த அறையில், எந்தத் திகதியிலிருந்து, லைசன்ஸ் உள்ள ஆளை அனுப்புங்கள் என்ற கோரிக்கை. அவ்வளவுதான். அலுவலகத்தில் திருத்த வேலைக்கான படிவம் கொடுத்தால் அதையும் நிரப்பி, கொடுக்குமுன் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கூடவே படங்களும் வேண்டும். மூட்டைப்பூச்சி என்றால் மெத்தையைத் திருப்பி ஓரத்துத் தையலை விரித்துப் பாருங்கள். பேனாவால் குத்தியதுபோல் கறுப்புப் புள்ளிகள், வெளிறிய மஞ்சள் நிறத்தில் கழற்றிவிட்ட தோல், கட்டில் சட்டத்தின் திருகாணித் துளைக்குள் சிறு சிறு முட்டைகள். இவற்றைக் கிட்ட வைத்துப் படம் எடுங்கள், திகதி தெரிந்தால் நல்லது. கரப்பான் என்றால் குளிர்சாதனப் பெட்டியின் மோட்டர் பக்கமும் குசினி அலுமாரியின் மூலைப் பிணைச்சலும். செத்த பூச்சி ஒன்றை ரேப்பில் ஒட்டி வைத்திருந்தால்கூடப் பின்னால் உதவும். மருந்தடிக்க வந்த ஒவ்வொரு நாளையும், வருகிறோம் என்று சொல்லிவிட்டு வராத நாளையும் ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள்.

உரிமையாளர் ஆள் அனுப்பினால் உள்ளே விடுவது உங்கள் கடமை. அதற்கு அவர் 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் அறிவித்தல் தரவேண்டும், காரணமும் நேரமும் அதில் இருக்க வேண்டும், வருகிற நேரம் காலை 8 மணிக்கும் இரவு 8 மணிக்கும் இடையில் இருக்க வேண்டும். கதவில் ஒட்டுகிற அந்தக் கடதாசியோடு அநேகமாக ஒரு தயார்ப்படுத்தல் தாளும் வரும். அலுமாரிகளை வெறுமையாக்கு, தளபாடங்களைச் சுவரிலிருந்து தள்ளி வை, உடுப்பெல்லாவற்றையும் கட்டிவை என்று. இதைச் செய்யாமல் விட்டால் மருந்து வேலை செய்யாது, அதோடு நீங்கள்தான் தடுத்தீர்கள் என்று வீட்டைக் காலிசெய்யச் சொல்கிற என்-5 நோட்டீஸ் உங்கள்மேல் வருவதற்கும் வழி திறந்துவிடும். வயதான அம்மா அப்பா தனியே இருக்கிறார்கள், நாரி வருத்தத்தால் கட்டிலை நகர்த்த முடியாது என்றால் அதையும் எழுத்தில் சொல்லி உதவி கேளுங்கள். வயதும் உடல் இயலாமையும் ஒன்ராறியோ மனித உரிமைக் கோவைக்குள் வருகிற விடயங்கள், உரிமையாளர் அதைத் தட்டிக் கழிக்க முடியாது.

உடுப்பைப் பற்றி ஒன்று. மூட்டைப்பூச்சிக்கு ட்ரையரில் அதிக சூட்டில் அரை மணி நேரமாவது ஓடவிடுவதுதான் வழி, தோய்ப்பது மட்டும் போதாது. முதல் தடவை தப்பிய முட்டைகள் ஒன்றிரண்டு வாரத்தில் பொரிக்கும் என்பதால், ஒரே ஒரு தடவை மருந்தடித்துவிட்டு "முடிந்தது" என்று சொன்னால் ஏற்காதீர்கள். இரண்டாவது தடவை எப்போது, மேலே கீழே பக்கத்து வீடுகளையும் பார்த்தீர்களா என்று கேளுங்கள். உங்கள் வீட்டுக்கு மட்டும் அடித்தால் பூச்சி சுவருக்கு அந்தப் பக்கம் போய் இருந்துவிட்டுத் திரும்பி வரும். நீங்களே புகைக் குண்டு வாங்கி வைப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். பூச்சி இன்னும் உள்ளே சிதறும், குழந்தைகள் அந்த மருந்தைச் சுவாசிப்பார்கள்.

எழுதியும் அசையவில்லையா? ரொறன்ரோ என்றால் நகரசபையின் தொலைபேசி இலக்கமான 311. பல மொழிகளில் மொழிபெயர்ப்பாளர் உண்டு, "தமிழ்" என்று சொன்னால் இணைத்துவிடுவார்கள். உரிமையாளருக்கு ஏற்கனவே எழுதியதாகச் சொல்லி முறைப்பாட்டு இலக்கத்தை வாங்கிக்கொள்ளுங்கள். நகரசபை அதிகாரி வந்து பார்த்து, மீறல் இருந்தால் உரிமையாளருக்குக் கட்டளை கொடுக்கலாம். அந்தக் கட்டளையின் பிரதி பின்னால் உங்களுக்கு மிகப் பெரிய சாட்சி, ஏனென்றால் அதை எழுதியவர் உங்களுக்கு வேண்டியவரல்ல, அரச அதிகாரி.

அடுத்தது வாடகைத் தகராறுகளை விசாரித்துத் தீர்ப்புச் சொல்கிற வீட்டு உரிமையாளர்–குடியிருப்பாளர் சபை, எல்லாரும் போர்ட் என்று சொல்வது. அங்கே போட வேண்டியது ரி-6 என்கிற பராமரிப்பு விண்ணப்பம். கட்டணம் ஏறத்தாழ 50 டொலர், வருமானம் குறைந்தவர்கள் விலக்குக் கேட்கலாம், வென்றால் அந்தக் கட்டணத்தை உரிமையாளரிடமிருந்து எடுத்துத் தரச்சொல்லியும் கேட்கலாம். கட்டிய வாடகையில் ஒரு பங்கைத் திருப்பித் தரச் சொல்வது, மருந்தடிக்கக் கட்டளையிடுவது, எறிய வேண்டி வந்த கட்டில் மெத்தைக்கு நட்டஈடு, வேலை முடியும்வரை வாடகையைக் கூட்டத் தடை, ஒப்பந்தத்தை முடித்து வெளியேற அனுமதி என்று பலவற்றை அங்கே கேட்க முடியும். பற்றுச்சீட்டுகள் இல்லாமல் மெத்தைக் காசு கிடைப்பது கடினம், ஆகவே எறியுமுன் படம், வாங்கியதற்கான ரசீது, புதிதாக வாங்கியதற்கான ரசீது மூன்றும் வேண்டும்.

இங்கே நேர்மையாக இரண்டு விடயம் சொல்ல வேண்டும். ஒன்று, பூச்சி வந்தது என்பதற்காகவே காசு கிடைத்துவிடாது. 2016இல் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒரு லிஃப்ற் வழக்கில், ஏதாவது பழுதான அந்தக் கணமே உரிமையாளர் சட்டத்தை மீறியவர் ஆகிவிடமாட்டார், முழு நிலைமையையும் பார்க்க வேண்டும் என்று சொன்னது. அதனால் போர்ட் பார்ப்பது, அறிந்த பிறகு அவர் எவ்வளவு விரைவாக, எவ்வளவு ஒழுங்காக நடந்துகொண்டார் என்பதைத்தான். மூன்று நாளில் ஆள் அனுப்பி, இரண்டு வாரத்தில் மறுபடி அடித்து, பக்கத்து வீடுகளையும் சோதித்தவர்மேல் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. அப்படிப்பட்டவரோடு சண்டைக்குப் போகவும் தேவையில்லை. நான்கு மாதம் மின்னஞ்சலுக்குப் பதில் போடாதவர் கதை வேறு. இரண்டாவது, காலதாமதம். அரச அமைப்புகள்மேல் வருகிற முறைப்பாடுகளை விசாரிக்கிற ஒன்ராறியோ ஒம்புட்ஸ்மன் 2023இல் வெளியிட்ட அறிக்கையில் 38,000க்கு மேற்பட்ட விண்ணப்பங்கள் தேங்கிக் கிடப்பதாகவும், வாடகைக்காரர்களின் விண்ணப்பங்கள் சில இரண்டு வருடம்வரை காத்திருப்பதாகவும் கடுமையாகச் சொல்லியிருந்தார். பூச்சியோடு வாழ்கிற ஒரு குடும்பத்தை அவ்வளவு காலம் காக்க வைப்பது அநியாயம். அதனால்தான் ரி-6ஐ மட்டும் நம்பி இருக்காமல் நகரசபையையும் சேர்த்து நெருக்குங்கள் என்கிறேன்.

கோபத்தில் வாடகையை நிறுத்தாதீர்கள். மருந்தடிக்க நீங்களே ஆள் பிடித்து அந்தக் காசை வாடகையில் கழிக்கவும் வேண்டாம். உங்கள் பக்கம் எவ்வளவு நியாயம் இருந்தாலும், வாடகை கட்டாத மாதமே உரிமையாளர் வாடகை பாக்கிக்கான என்-4 நோட்டீஸ் கொடுத்து உங்களை வெளியேற்றுகிற வழக்கைத் தொடங்கலாம், பிறகு பூச்சிக் கதை பின்னுக்குப் போய் வாடகை பாக்கி முன்னுக்கு வந்துவிடும். சொல்லாமல் கொள்ளாமல் வீட்டைவிட்டுப் போவதும் அப்படித்தான், மிச்ச மாதங்களின் வாடகையைக் கேட்டு வரலாம். போகத்தான் வேண்டுமென்றால் இருவரும் சம்மதித்து ஒப்பந்தத்தை முடிக்கிற என்-11 படிவத்தில் கையெழுத்து வைப்பது பாதுகாப்பான வழி.

பேஸ்மென்றில் இருப்பவர்களுடைய பயம் தனி. "நகரசபைக்குச் சொன்னால் பேஸ்மென்றே அனுமதி இல்லாதது என்று மூடிவிடுவார்கள், நடுக்குளிரில் எங்கே போவது?" இந்தப் பயம் பொய்யல்ல, ஆபத்தான பேஸ்மென்றை மூடச் சொல்லும் அதிகாரம் நகரசபைக்கு இருக்கிறது. ஆனால் வாடகைச் சட்டம் அனுமதி இல்லாத பேஸ்மென்றுக்கும் பொருந்தும், ரி-6 போடுவதற்கு யாரும் உங்களிடம் பெர்மிற் கேட்கமாட்டார்கள். சட்டம் பொருந்தாத ஓர் இடம் உண்டு: அதே வீட்டில் வசிக்கிற உரிமையாளரோடோ அவருடைய மனைவி, கணவன், பிள்ளை, பெற்றோரோடோ குசினியையோ குளியலறையையோ பகிர வேண்டிய ஏற்பாடு. மேல்மாடி அன்ரி வீட்டில் ஒரு அறை எடுத்து அவருடைய அடுப்பிலேயே சமைக்கிற மாணவர்கள் பலர் இதற்குள் வருவார்கள். அப்படியானவர்களும் பேஸ்மென்றில் இருப்பவர்களும் எங்கேயும் முறைப்பாடு செய்யுமுன் சட்ட உதவி நிலையத்தோடு ஒரு தரம் கதைப்பது நல்லது.

முறைப்பாடு செய்ததற்காக வெளியேற்றப் பார்த்தால்? போர்டின் கட்டளை இல்லாமல் யாரும் உங்கள் பூட்டை மாற்ற முடியாது. நீங்கள் அரச அதிகாரியிடம் முறையிட்டதோ உங்கள் உரிமையைக் கேட்டதோதான் வெளியேற்றக் கேட்பதன் காரணம் என்று தெரிந்தால், அந்த வெளியேற்றத்தை போர்ட் மறுத்தே ஆகவேண்டும் என்று 83ஆம் பிரிவு சொல்கிறது. இங்கேயும் திகதிதான் பேசும்: செவ்வாய்க்கிழமை 311க்குச் சொல்லி, வெள்ளிக்கிழமை "என் மகன் குடிவரப் போகிறான்" என்ற நோட்டீஸ் வந்தால் அதை யாரும் கவனிப்பார்கள்.

உதவிக்கு, வருமானம் குறைந்தவர்களுக்கு ஒன்ராறியோ சட்ட உதவிப் பணத்தில் இயங்குகிற சமூகச் சட்ட நிலையங்கள் இலவசமாகப் பார்க்கின்றன. ஸ்காபரோவிலும் இருக்கின்றன, தென்னாசியர்களுக்கான ஒன்ராறியோ சட்ட நிலையமான சால்கோவில் தமிழிலேயே கதைக்கலாம். ஏற்கனவே அந்த வீட்டைவிட்டுப் போய்விட்டவர்களும் ரி-6 போடலாம். பிரச்சினை நடந்து ஒரு வருடத்துக்குள் போடவேண்டும் என்பதுதான் எல்லை; பூச்சி தொடர்ந்துகொண்டே இருந்தது என்றாலும், விண்ணப்பிக்கிற நாளுக்கு முந்தின ஒரு வருடத்துக்குத்தான் வாடகைக் குறைப்புக் கிடைக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.